கூரையைத் தொடாத சுவர்

சாக வேண்டும் போலிருக்கிறதா என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நேராகக் கேட்கும் துணிச்சல் உங்களுக்கு இருக்கிறதா?

படித்தவர்களிலேயே பலருக்கு இல்லை. கேட்டால் அந்த நினைப்பை நாமே ஊட்டிவிடுவோமோ என்று ஒரு பயம். விளக்கு வைக்கிற வீட்டில் அந்தப் பேச்சே ஆகாது என்று இன்னொரு பயம். இரண்டும் மூடநம்பிக்கைதான். கேகாலை மாவட்டத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டும் தங்கம்மா அதைக் கேட்டாள். கேட்டது சரி. கேட்ட இடத்தில்தான் பிழை விட்டாள்.

போன வருஷத்து மழையில் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் நிர்வாகம் வெட்டியிருந்த மண்மேடு சரிந்து கடைசி வீட்டில் சமைக்கிற குசினியை மூடியது. அங்கே படுத்திருந்த அந்த வீட்டுக்காரன் அஜந்தன் செத்துப்போனான். மேட்டில் வெடிப்பு விழுந்திருக்கிறது என்று ஆட்கள் முன்கூட்டியே சொன்னதை நிர்வாகம் காதில் வாங்கவில்லை. இதை இயற்கையின் சீற்றம் என்று எழுதுகிறவர்கள் ஒரு மழை இரவு அந்த லயத்தில் படுத்துப் பார்க்கட்டும்.

சில மாதங்கள் கழித்து, மனம் ஒடிந்தவர்களுக்குத் துணை நிற்கத் தோட்டத்து ஆட்களையே பழக்குவதற்காக மாவனெல்லையிலிருந்து மனநலப் பயிற்சியாளர் ஹபீலா வந்தாள். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடும் பிள்ளைக்காம்பராவில், தொட்டில்களை ஓரம் தள்ளிவிட்டு, சனிக்கிழமைகளில் வகுப்பு. புத்தி சொல்லாதே, அழுகிறவரை அழ விடு, சாக நினைக்கிறார் என்று சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காமல் கேள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. இதுதான் தங்கம்மாவும் போய்க் கற்ற பாடம்.

"பேசாம இருக்கிறதுக்கு ஒரு கிளாசா?" என்று சிரித்தான் தங்கம்மாவின் புருஷன் நாகலிங்கம். "அந்த மிஸ்ஸ நம்ம வீட்டுல ஒரு வாரம் தங்கச் சொல்லு. எனக்குப் புண்ணியமாப் போகும்."

"ஒங்களுக்கு வாய் இருக்குதே, அத மூட கிளாஸ் கெடையாதாம். கேட்டுப் பாத்துட்டேன்."

தங்கம்மாவின் நினைப்பெல்லாம் அஜந்தனின் மனைவி சுஜீதா மேல் இருந்தது. சுஜீதா வேலைக்குப் போவதில்லை, தலை வாருவதில்லை, சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்துவிடுகிறாள். புருஷனின் ஆவிதான் பிடித்திருக்கிறது, வெள்ளிக்கிழமை பூசாரியை வைத்து இறக்கிவிடலாம் என்று மாமியார் ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள்.

தனியான இடத்தில் பேசுங்கள் என்று ஹபீலா சொல்லியிருந்தாள். தங்கம்மா சுஜீதாவின் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்தி, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"தங்கச்சி, செத்துப்போகணும்னு நெனப்பு வருதா?"

சுஜீதா தரையைப் பார்த்துச் சொன்னாள். "வருதுக்கா."

மறுநாள் விடிகாலை, வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்குத் தங்கம்மா போனபோது அந்த ஒரு சொல் அவளுக்கு முன்பே அங்கே போயிருந்தது. "டாக்டரம்மா வாராங்க, வழி விடுங்க! எனக்கும் கொஞ்சம் கிறுக்கு இருக்கு, பாப்பீங்களா?" என்று ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

லயத்துச் சுவர் கூரை வரை போவதில்லை. இந்த வீட்டில் இருமினால் நாலாவது வீட்டில் கேட்கும். தங்கம்மாவுக்கு இது தெரியாதா? பிறந்ததிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்டையையும் குறட்டையையும் கேட்டுப் பழகியவள். பழகிப்போனதால்தான் மறந்தாள். கதவைச் சாத்தினால் தனிமை என்று லயத்தில் வளர்ந்தவளால் மட்டுமே நம்ப முடியும். சுஜீதா கதவைத் தாழ்போட்டுக்கொண்டாள். சாக நினைக்கிற ஒரு பெண் தாழ்ப்பாளுக்குப் பின்னால் இருந்தாள்.

தங்கம்மா ஹபீலாவுக்குப் போன் செய்தாள்.

"மிஸ், நான் கெடுத்துட்டேன்."

"கெட்டத சரி பண்ணலாம். மொதல்ல போய் மன்னிப்புக் கேளுங்க. சாக்குச் சொல்லாதீங்க. அவங்கள தனியா விடவும் வேணாம்."

அன்று சாயந்தரம் தங்கம்மா தாழ்ப்பாளுக்கு இந்தப் பக்கம் நின்று, ஊரே கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னாள்: "தப்பு என்னோடது, தங்கச்சி. இங்க நீ ஒரு வார்த்த பேச வேணாம். காலையில என்கூட பால் வெட்டுற மலைக்கு வா. பேசாமயே இரு." பிறகு மாமியாரைத் தனியே அழைத்துப் போய், இரவு மருமகளின் பக்கத்திலேயே படுக்கச் சொன்னாள்.

பூசாரியின் உடுக்கைக்குப் பயந்தோ என்னவோ, காலையில் சுஜீதா வந்தாள்.

பால் வெட்டி முடித்தால், மரத்தில் கட்டிய சிரட்டையில் பால் நிறையும் வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவே வேறு ஆள் நடமாட்டம் இருக்காது. தங்கம்மா சொன்னபடியே எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருந்தாள். சுஜீதாவே ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு அவர்கூட சண்ட போட்டேன்கா. குடிச்சிட்டு வந்தா குசினியில படுன்னு நான்தான் வெரட்டினேன்."

அழாதே, எல்லாம் விதி என்று சொல்லத் தங்கம்மாவின் நாக்கு துடித்தது. விதி! மேட்டை வெட்டியதும் விதியா? அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சுஜீதா அழுது முடிக்கும் வரை கையைப் பிடித்தபடி இருந்தாள். பிறகு கேட்டாள்.

"கேகாலை ஆஸ்பத்திரிக்குப் போவோமா? நான் கூட வாரேன்."

"பைத்தியம்னு சொல்லுவாங்கக்கா."

"அதத்தான் சொல்லி முடிச்சிட்டாங்களே. இனி புதுசா என்னத்த சொல்லப் போறானுங்க?"

சுஜீதாவின் உதடு லேசாகக் கோணியது. அதைச் சிரிப்பு என்றே தங்கம்மா எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் மறுநாளே பஸ் ஏறினார்கள். மாமியாரும் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தாள். டாக்டர் பொறுமையான ஆள். ஆனால் தமிழ் தெரியாது. சுஜீதாவுக்குக் கடைச் சாமான் வாங்குகிற அளவுக்குச் சிங்களம் வரும். புருஷனைக் குசினிக்கு அனுப்பியதைச் சொல்ல அது போதாது. "நீங்களே சொல்லுங்கக்கா" என்றாள். மாமியாருக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வது என்று யோசித்த தங்கம்மா, முதலில் மாமியாரை வெளியே அனுப்பினாள். பிறகுதான் சிங்களத்தில் சொன்னாள். பாடம் ஏறியிருந்தது.

திரும்ப உள்ளே வந்த மாமியாரிடம், நீங்கள் தூங்குகிறீர்களா என்று டாக்டர் கேட்டதைத் தங்கம்மா தமிழில் சொன்னாள். கிழவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். "எம்புள்ளய மண்ணு மூடின நாள்ல இருந்து கண்ண மூடலப்பா." அதுவரை அவளை யாரும் கேட்டிருக்கவில்லை. பூசாரிக்கு அவளே ஆள் அனுப்பி வர வேண்டாம் என்றாள்.

சுஜீதா முழுதாகக் குணமாகிவிடவில்லை. மாத்திரை சாப்பிடுகிறாள், சில நாள் வேலைக்கு வருகிறாள், சில நாள் வருவதில்லை. அந்த நினைப்பு வந்தால் தங்கம்மாவின் மரங்களைத் தேடி வருகிறாள். லயம் இன்னும் அதே மேட்டுக்குக் கீழேதான் நிற்கிறது. அதற்கு எந்த வகுப்பும் மருந்தாகாது.

ஒவ்வொரு கிளினிக் நாளும் தங்கம்மா கூடப் போக வேண்டியிருக்கிறது. அன்றைய சம்பளம் அவளுக்கு இல்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் சுஜீதா தனியாகப் போய், மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பினாள். தன் துயரத்தைத் தன் மொழியில் டாக்டரிடம் சொல்வது சலுகையல்ல, உரிமை.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்கு இந்த வாரமே போங்கள். தமிழில் கேட்டு எழுத அங்கே ஆள் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இல்லையென்றால், நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு எழுத்தில் கேளுங்கள். ஆளைப் போடும் வரை விடாமல் கேளுங்கள்.