நாலு நாலு சைபர் ஆறு

இது நடந்தது. எங்கேயோ யாரோ சொல்லக் கேட்ட கதை இல்லை. என் மாமனாருக்கு நடந்தது. அன்று சாயங்காலம் உடைந்த எலும்புகளை எக்ஸ்ரே எடுத்தவன் நான். இருபத்திரண்டு வருஷமாக ஆஸ்பத்திரியில் எனக்கு அதுதான் வேலை. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் கொட்டாவி விடுகிற ஆள் நான். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஃபிலிம்கள் என்னிடம் இருக்கின்றன.

சம்பவத்தின்போது நான் அங்கே இல்லை. மாமனார் சொன்னதையும், கூட இருந்தவர்கள் தனித்தனியாகச் சொன்னதையும் ஒத்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். எல்லோரும் நேரத்தை மட்டும் அச்சடித்த மாதிரி ஒன்றாகவே சொன்னார்கள். பட்டாளத்துக்காரர்கள் அப்படித்தான்.

மாமனார் பட்டாளத்தில் ரைட்டர். யார் டியூட்டியில் இருக்கிறார், யார் லீவில் போனார், யார் செத்தார் என்று பதிவேட்டில் எழுதுகிறவர். "நான் சுட்டதெல்லாம் பேனாவாலதான் மாப்ள" என்று வீட்டில் ஜோக் அடிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். அது ஜோக் இல்லை என்று அப்போது தெரியாது.

அவருடைய பட்டாளக் கம்பெனியில் மிச்சமிருந்த பன்னிரண்டு பேர் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் இறந்தால் ஒரு வழக்கம் உண்டு. அடக்கத்துக்கு முன்னால் பெட்டியைச் சங்கத்து ஹாலுக்குக் கொண்டுவருவார்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி. அதன் மேல் இறந்தவரின் பூட்ஸ். ரைட்டர் மைக்கில் பட்டியல் படிப்பார். பெயர் கிடையாது, பட்டாள நம்பர் மட்டும். நம்பருக்கு உரியவர் எழுந்து, குதிகாலைத் தட்டி, "உள்ளேன்!" என்பார். கடைசியாக, இறந்தவரின் நம்பரை மூன்று முறை கூப்பிட வேண்டும். பதில் வராது. அதன் பிறகு ரைட்டர் "கலையலாம்" என்பார். அந்த வார்த்தை வருகிறவரை, "உள்ளேன்" சொன்ன எவரும் டியூட்டியில் இருப்பதாகத்தான் அர்த்தம்.

இந்த முறை இறந்தவர் சார்ஜண்ட். ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய மனிதர். எண்பத்து நாலு முறை ரத்தம் கொடுத்தவர். வெள்ளம் வந்தபோது மூன்று நாள் தூங்காமல் படகு ஓட்டியவர். என் மகளுக்கு ஆபரேஷன் நடந்த அன்று ஓடி வந்து ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்தவரும் அவர்தான். அவருடைய சேவை வாழ்க்கையைப் பற்றி நாலு பக்கம் எழுதி வாசிக்கும் பொறுப்பு மாமனாருக்கு வந்தது. சங்கத் தலைவர் போன் பண்ணினார். அவர்தான் அந்தக் காலத்தில் கம்பெனியின் கேப்டன். "நல்லா எழுதுய்யா. கேக்கறவன் கண்ணுல தண்ணி வரணும்" என்றார். வயசு எழுபத்தெட்டு. இன்றும் தினம் ஐந்து கிலோமீட்டர் நடை. அவர் குதிகாலைத் தட்டினால் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

அதே வாரம் ஒரு கடிதமும் வந்தது. வருஷம் தவறாமல் வருகிற கடிதம். கம்பெனியில் வயர்லெஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்ட ஒரு பையன் இருந்தான். அவனை எல்லோரும் 'வயர்லெஸ்' என்றே கூப்பிட்டார்கள். பத்தொன்பது வயசில் எல்லைச் சாவடியிலிருந்து காணாமல் போனான். "தப்பி ஓடினான்" என்று பதிவேட்டில் இருக்கிறது. எழுதியது மாமனார். அவனுடைய அக்கா வருஷா வருஷம் தம்பி எங்கே என்று கேட்டு எழுதுவாள். "பதிவேட்டின்படி தப்பி ஓடியவர்" என்று மாமனார் ஒரே வரியில் பதில் போடுவார். இந்த முறை அவள் எழுதியிருந்தாள்: "எனக்கு உடம்பு முடியவில்லை. ஓடிப்போனவனின் அக்கா என்ற பெயரோடேயே போய்ச் சேர்ந்துவிடுவேன் போலிருக்கிறது. தெரிந்ததைச் சொல்லிவிடுங்கள் ஐயா."

மாமனாருக்குத் தெரியும். எல்லாமே தெரியும். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சார்ஜண்ட்டைப் புகழ்ந்து நாலு பக்கமும் எழுதி முடித்தார்.

அப்போதுதான் ஒரு தவறு செய்தார். ரைட்டர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. சங்கத்துப் பட்டியல் நோட்டு மழையில் ஊறிப் போயிருந்தது. அதனால் டிரங்குப் பெட்டியில் இருந்த பழைய பட்டியலைப் பார்த்துப் புதிதாக எழுதினார். கம்பெனி சாவடிக்குப் போன முதல் நாள் போட்ட பட்டியல் அது. காலமெல்லாம் நகல் எடுத்த கை... கண் பார்க்கும், கை எழுதும், மனசு எங்கேயோ இருக்கும். பிறகு செத்தவர்களை ஒவ்வொருவராகச் சிவப்புப் பென்சிலால் அடித்தார். வயர்லெஸ்ஸை அடிக்கவில்லை. அவன் செத்தவன் கணக்கில் இல்லையே. அவரே எழுதிய பொய் அவருக்கே அவ்வளவு ஊறிப் போயிருந்தது.

பிற்பகல் 2.35. ஹாலைத் திறந்தார். உறுப்பினர்களுக்குப் பத்து நாற்காலி போட்டார். அவருக்கு மைக் முன்னால் நிற்கிற வேலை. 3.05க்குப் பெட்டி வந்தது. மூடியைத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். மேலே கொடியை விரித்தார். பக்கத்து நாற்காலியில் பூட்ஸை வைத்தார். காலையில் அவரே பாலிஷ் போட்ட பூட்ஸ்.

3.20. வரிசையில் பதினொரு நாற்காலி இருந்தது. வயசாகிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டு, ஒன்றை மடக்கிச் சுவரில் சாய்த்தார்.

3.40. மறுபடியும் பதினொன்று. சுவரில் சாய்த்ததும் அங்கேயே இருந்தது.

பூட்ஸைப் பார்த்தார். முனையில் ஈரச் சேறு.

மைக்கில் ஒரு இரைச்சல். க்ர்ர்ர்... க்ர்ர்ர்... நடுவில் டிக், டிக் என்று விரலால் தட்டுகிற சத்தம். வயரைக் கையில் எடுத்தார். அதை இன்னும் பிளக்கில் சொருகவே இல்லை.

3.58க்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அந்தச் சாவடியில் ஜீப் ஓட்டிய டிரைவர் நேராக இவரிடம் வந்தார்.

"என்ன ரைட்டரே, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?"

"ஒண்ணுமில்ல."

"இன்னிக்கோட முடிஞ்சுது. அவரும் போயிட்டாரு. இனிமே நிம்மதியா இரு."

சரியாக 4.00 மணிக்குச் சேவை வாழ்க்கையை வாசித்தார். ரத்ததானம், வெள்ளம், படகு. இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். தலைவர் தலையை ஆட்டி ரசித்தார். சட்டைப் பையில் அக்காவின் கடிதம் நெஞ்சைக் குத்தியது. வாசித்தபோது தன் வாயையே செருப்பால் அடிக்கத் தோன்றியது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

4.10. பட்டியல்.

ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டார். "உள்ளேன்!" "உள்ளேன்!" தலைவரின் குதிகால் சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. டிரைவர் எழுந்து நின்றார். கண் அடுத்த வரிக்குப் போனது. வாய் கண்ணோடு போனது.

"நாலு நாலு சைபர் ஆறு."

சொன்ன பிறகுதான் உறைத்தது.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். தலைவரும் பார்த்தார்.

வரிசையின் கடைசி நாற்காலி. பதினொன்றாவது. டக் என்று குதிகால் தட்டும் சத்தம்.

"உள்ளேன்."

இளம் குரல். அந்த ஹாலில் இருந்தவர்களில் இளையவருக்கே அறுபத்து மூன்று வயசு.

நாற்காலியில் யாரும் இல்லை.

"அடுத்ததைப் படிய்யா!" என்று தலைவர் அதட்டினார். மாமனார் படித்தார். கட்டளைக்குக் கீழ்ப்படிவது ரத்தத்தில் ஊறியது. சார்ஜண்ட்டின் நம்பர். முதல் முறை.

பெட்டிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

டொம். டொம். டொம்.

இரண்டாம் முறை கூப்பிட்டார். நிறுத்த முடியவில்லை. வாய் தானாகக் கூப்பிட்டது.

டொம். டொம். டொம்.

பெட்டி நாற்காலிப் பக்கம் நகர்ந்தது. கொடி சரிந்து விழுந்தது. மூன்றாம் முறை...

டொம். டொம்... டொம்.

கடைசி அடியில் மூடி பிளந்தது. விரிசலில் ரத்தம். செத்து மூன்று நாள் ஆன உடம்பிலிருந்து, சூடாக, ஆவி பறக்க.

ஒன்பது. மாமனார் எண்ணியிருந்தார். அன்றைக்கும் எண்ணியிருந்தார்.

டிரைவர் வாசலுக்கு ஓடினார். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் தாண்ட முடியவில்லை. திரும்பினார்.

"ரைட்டரே! பட்டியலை மூடு! மூடு..."

பாதி வார்த்தையில் அவர் தலை ஒரு பக்கமாகத் திரும்பியது. யாரும் தொடவில்லை. தாடை முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மூன்று பல் தரையில் உருண்டது.

மாமனார் பட்டியலை மூட வலது கையை நீட்டினார்.

கை மேஜையோடு அமுங்கியது.

மேலே ஒரு பூட்ஸின் கனம். கண்ணுக்குத் தெரியாத கனம்.

சுண்டு விரல். மோதிர விரல். நடு விரல்...

ஒவ்வொன்றாக. நிதானமாக.

"அவன் ஓடல!" என்று மாமனார் அலறினார்.

கனம் நின்றது.

மைக் இன்னும் வேலை செய்தது. அவர் அழுதுகொண்டே பேசினார். "அவன் ஓடல. கையைக் கட்டிப்போட்ட கைதிங்க ரெண்டு பேரை சார்ஜண்ட் சுட்டாரு. வயர்லெஸ் அதை மேலிடத்துக்குச் சொல்லிட்டான். அன்னிக்கு ராத்திரியே அவனை அடிச்சோம். சார்ஜண்ட் துப்பாக்கிக் கட்டையால தலையில அடிச்சாரு. கத்தக் கூடாதுன்னு டிரைவர் வாயிலயே உதைச்சான். தலையை மறைச்ச கையை... நான் மிதிச்சேன். தண்ணித் தொட்டிக்கு அடியில போட்டு மூடினோம். நாங்க மூணு பேருதான்."

தலைவர் பாய்ந்து வந்து மைக்கைக் கீழே தள்ளினார். "இவனுக்குப் புத்தி பெரண்டு போச்சு. யாரும் நம்பாதீங்க!" என்றார். மணி 4.19. யாருக்கும் "கலையலாம்" என்ற நினைவே இல்லை.

6.05க்கு டிரைவரின் தாடையை எக்ஸ்ரே எடுத்தேன். 6.30க்கு மாமனாரின் கை. போலீஸ் கேட்டதால் 7.20க்கு சார்ஜண்ட்டின் மண்டை. என் மகளுக்கு ரத்தம் கொடுத்த மனிதர் அல்லவா. அவர்மேல் எனக்கு இன்னும் நன்றி இருக்கிறது, அருவருப்பும் இருக்கிறது. இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மாமனார் போலீஸிலும் அதையே சொன்னார். கைதாகி ஜாமீனில் வீட்டுக்கு வந்தார். இடது கையால் எழுதிப் பழகி, அக்காவுக்கு முதல் முறையாக ஒரு வரிக்கு மேல் கடிதம் எழுதினார்.

இரண்டு மாதம் கழித்துத் தண்ணீர்த் தொட்டியை இடித்தார்கள். எலும்புகள் கிடைத்தன. எக்ஸ்ரேக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தன. நான்தான் எடுத்தேன். மண்டையில் சார்ஜண்ட்டுக்கு இருந்த மாதிரியே ஒன்பது உடைவு. தாடையில் டிரைவருக்கு விழுந்த அதே கோடு. வலது கை ஃபிலிமை எடுத்து மாமனாரின் கை ஃபிலிம் மேல் வைத்து விளக்கில் பார்த்தேன். ஐந்து உடைவும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தது. மயிரிழை விலகவில்லை.

கொடுத்தவனுக்குக் கொடுத்ததே திரும்பி வந்திருக்கிறது. அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

இன்னும் ஒரு ஃபிலிம் மிச்சம் இருந்தது. இடது முழங்கால். சில்லு நொறுங்கியிருந்தது. குதிகாலால் ஓங்கி மிதித்தால் நொறுங்குகிற விதம்.

மூன்று பேரில் ஒருவருக்கும் முழங்காலில் அடி இல்லை. மாமனாருக்குப் போன் போட்டேன்.

"மாமா, அங்க நாலாவதா யாரு இருந்தா?"

போனில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"வயர்லெஸ் மேலிடத்துக்குச் சொன்னான்னு சொன்னேனே மாப்ள. மேலிடம் யாருன்னு ஒருத்தரும் கேக்கலையே."

"மாமா..."

"கேப்டன்தான். ஜீப்ல வந்தாரு. ஓடப் பாத்தவன் காலை மொதல்ல ஒடைச்சது அவருதான். அவரு பேரைச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரல."

போனை வைத்துவிட்டேன். சுவர்க் கடிகாரத்தில் 4.10.

4.40க்கு ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தது. சங்கத் தலைவர். முகமெல்லாம் வேர்வை. சீட்டில் 'இடது முழங்கால்' என்று எழுதியிருந்தது.

"எப்படி விழுந்தீங்க சார்?"

"விழலய்யா... வாசல்ல நின்னுட்டிருந்தேன். யாரோ... மிதிச்சாங்க."

ஃபிலிம் எடுத்தேன். வயர்லெஸ்ஸின் ஃபிலிம் மேல் வைத்தேன். பொருந்தியது.

மாமனாரை மறுபடி கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டார்.

"இடது கால்தானே?"

"ஆமா."

"சரி. இப்பவே போலீஸுக்குப் போறேன். அவரு பேரையும் சொல்லிடறேன். போனை வைக்காத."

தொண்டையைக் கனைத்தார். ஹாலில் மைக்கில் பேசுகிற குரல். எனக்குச் சொன்னது இல்லை அது.

"நாலு நாலு சைபர் ஆறு. கலையலாம்."

என் முதுகுக்குப் பின்னால், டக் என்று ஒரு குதிகால் தட்டியது.

அறையில் இருந்தது நானும் தலைவரும் மட்டும். அவரால் காலை அசைக்கவே முடியாது.