ஆணி அடிக்காமல் போட்ட பந்தல்

தேனிப் பக்கம் கோம்பையில் குடியிருந்த நாட்களில் காலையில் என்னை எழுப்பியது வளையல் சத்தம்தான்...

கையில் போட்ட வளையல் இல்லை. தலைக்கு மேலே தொங்கிய வளையல். மலையிலிருந்து காற்று இறங்கினால் போதும், சுவர் உச்சியில் இருந்த வெண்டிலேட்டர் வழியாக உள்ளே வந்து அத்தனையையும் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போகும். அலாரத்துக்கு வேலையே இருக்காது.

எல்லாம் ஈஸ்வரியின் கைங்கரியம்.

அப்போதுதான் எனக்கு அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் முதல் வேலை கிடைத்திருந்தது. சொந்த ஊர் ஜெயமங்கலம், தினமும் போய்வருவது சிரமம். ஈஸ்வரி அதே பள்ளியில் பி.டி. டீச்சர். சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டக்காரர் மகள். இரண்டு பேரும் சேர்ந்து வீடு தேடினோம். கல்யாணமாகாத பெண்கள் தனியாகத் தங்குவதென்றால் யாரும் வீடு கொடுக்கவில்லை. கடைசியில் மரகதம்மாதான் தன் வீட்டை ஒட்டியிருந்த ஒற்றை அறையைக் கொடுத்தார். ஒரே ஒரு கண்டிஷன்.

"செவுத்துல ஒரு ஆணி அடிக்கக் கூடாதுத்தா. அடிச்சா அன்னைக்கே சாவிய வாங்கிப்புடுவேன்."

எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. அறை என்றால் துடைத்துவிட்ட மாதிரி இருந்தால்தான் எனக்குப் பிடிக்கும். ஈஸ்வரிக்குத்தான் முகம் விழுந்துவிட்டது. அவள் வீட்டில் அண்ணன்கள், அண்ணிகள், பிள்ளைகள் என்று ஒரே கூட்டம். துணி காயப்போடும் கொடியில்கூட அவளுக்குப் பாதிதான். தனக்கென்று ஒரு அறை கிடைத்தால் மாட்டி வைக்கச் சின்ன வயதிலிருந்தே பெட்டி பெட்டியாகச் சேர்த்திருந்தாள். கிடைத்த அறையில் ஆணி அடிக்கக் கூடாது என்றால்... எனக்கே பாவமாக இருந்தது.

அடுத்த வாரம் ஊருக்குப் போனவள் ஒரு சுருள் பந்தல் கம்பியோடு வந்து இறங்கினாள். திராட்சைக் கொடி படர்வதற்குத் தோட்டத்தில் இழுத்துக் கட்டுவார்களே, அதே கம்பி.

இந்தப் பக்க வெண்டிலேட்டர் கிராதியில் ஒரு முனை, எதிர்ப் பக்க வெண்டிலேட்டர் கிராதியில் மறு முனை. நடுவில் குச்சியைக் கொடுத்து முறுக்கியதும் கம்பி விறைப்பாக நின்றது. அப்படி நாலைந்து இழுத்து, குறுக்கே கயிற்றையும் ஓட்டிவிட்டாள். சுவரைத் தொடவே இல்லை.

அப்புறம்தான் பெட்டிகள் திறந்தன.

ஜோடி தவறிய கண்ணாடி வளையல்கள் சரம் சரமாக. திருவிழாக் கடையில் வாங்கிய காகித விசிறிகள், கைக்கண்ணாடிகள், மயிலிறகு. கலர் தண்ணீர் ஊற்றிய சின்னச் சின்ன பாட்டில்கள். அண்ணிமார் கழித்துப் போட்ட புடவைகளின் பார்டர்களை மட்டும் வெட்டி எடுத்து வந்திருந்தாள். வாடாமல்லி, கிளிப்பச்சை, மயில் கழுத்து, அரக்கு... ஒன்றுக்கொன்று சேரவே சேராது என்று நான் நினைத்த கலர்களெல்லாம் அங்கே பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. அழகாகவும் இருந்தன.

"போதும்டி, மூச்சு முட்டுது" என்றேன்.

"முட்டாது. கொத்துக் கொத்தாத் தொங்கணும். ஆனா வெளிச்சம் தரை வரைக்கும் விழுகணும். இல்லாட்டி பந்தலே வீணாப் போயிரும்."

சொல்லிவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வாள். மேலே பார்ப்பாள். எழுந்து ஒரு பாட்டிலை நாலு விரல்கடை தள்ளிக் கட்டுவாள். மறுபடி படுப்பாள். இப்படியே ஒரு மாதம் ஓடியது. வெயில் ஏறும் நேரத்தில் தரையெல்லாம் கலர் கலராக விழும். அதை மிதிக்க மனசு வராமல் சுற்றிப் போயிருக்கிறேன், துடைத்துவிட்ட அறை கேட்ட நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மோட்டார் ரிப்பேர் என்று சொல்ல வந்த மரகதம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

இந்த அறை போனால் வேறு அறை கிடையாது. அப்பா வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லிவிடுவார். ஈஸ்வரி அந்தப் பாதிக் கொடிக்கே திரும்ப வேண்டியதுதான்.

"எங்கனத்தா அடிச்சிருக்கீக ஆணிய?"

"அடிக்கலம்மா. நீங்களே பாருங்க" என்றாள் ஈஸ்வரி.

பார்த்தார். நான்கு சுவரையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். அலமாரிக்குப் பின்னாலும் பார்த்தார். நாற்காலியில் ஏறிக் கம்பியை எட்டி ஒரு இழுப்பு இழுத்தார். வளையல்கள் குலுங்கின. வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

சாவியைக் கேட்டுத்தான் திரும்ப வருவார் என்று இரண்டு பேரும் நினைத்தோம்.

சாயங்காலம் ஒரு பழைய வேட்டியில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். பிரித்தால், பாசிமணியில் கோத்த இரண்டு கிளிகள். ஒரு மணிகூட உதிரவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடி நான் கோத்தது. செவுரு பாழாப் போயிரும்னு அவுக மாட்ட விடல. அவுக போயும் நான் அதையே சொல்லிக்கிட்டுத் திரியுறேன்... பீரோக்குள்ளயே கெடக்குதுக. இதுக்கும் ஒரு எடம் இருக்குமாத்தா?"

ஈஸ்வரி எழுந்தாள். நட்ட நடுவில் தொங்கிய, இருந்ததிலேயே பெரிய கைக்கண்ணாடியை அவிழ்த்தாள். அந்த இடத்தில் கிளிகளைக் கட்டினாள்.

மரகதம்மா தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் டீயோடு வந்துவிடுவார். சாவி பேச்சே எழவில்லை.

போன வாரம் என் மகள் மொபைலில் சில வீடுகளைக் காட்டினாள். சுவர் தெரியாமல் படங்கள், கலர் மேல் கலர். "இதுதாம்மா இப்ப ட்ரெண்ட், மேக்ஸிமலிஸ்ட்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேனியில் இப்போது எங்களுக்குச் சொந்த வீடு. எந்தச் சுவரிலும் ஆணி அடிக்கலாம், யாரும் கேட்க முடியாது. ஆனால் ஒரு ஆணிகூட இல்லை. எல்லாச் சுவரும் வெள்ளை வெளேரென்று...

கூடலூரில் இருக்கும் ஈஸ்வரிக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"சனிக்கிழம கம்பியோட வாறேன். வெண்டிலேட்டர் இருக்குல்ல?"

இல்லை. இந்தக் காலத்து வீட்டில் வெண்டிலேட்டரை யார் வைக்கிறார்கள்? சொன்னேன்.

"சரி விடு, சுத்தியலும் கொண்டாறேன். ஒன் வீடுதான, யாரு வந்து சாவியக் கேக்கப் போறா?"

நேற்று என் வளையல் ஒன்று உடைந்தது. ஜோடியை எடுத்துச் சனிக்கிழமைக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.