திருவாமாத்தூர்த் தேருக்குப் போன குக்கர்

கெங்கம்மாளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கிளியனூரிலிருந்து தினமும் பஸ் ஏறித் திண்டிவனம் வந்து, அப்துல் சுக்கூர் பாயின் பாத்திரக்கடையில் பித்தளைக் குடங்களைப் புளி போட்டுத் துலக்குவாள்.

எண்பத்து நாலாம் வருஷம் கடையில் பிரஷர் குக்கர் வந்து இறங்கியது. மூன்று மாதத்தில் விற்றது இரண்டே இரண்டு. இரண்டும் வாத்தியார் வீடுகளுக்கு. 'அது வெடிக்கும்' என்ற பேச்சு குக்கருக்கு முன்பே ஊர் ஊராகப் போயிருந்தது. பாய் சளைக்கவில்லை. கடை ஆட்களின் மதியச் சாப்பாட்டை அதிலேயே ஆக்கச் சொன்னார். ஆக்கியவள் கெங்கம்மாள். முதல் விசிலுக்குப் பின்கட்டுக்கு ஓடியவள், மாதம் முடிவதற்குள் அதைக் கழற்றி மாட்டும் அளவுக்குப் பழகிவிட்டாள்.

திருவாமாத்தூர்த் தேருக்குப் பாய் ஒரு விளம்பரக் கடை போட்டார். தட்டி, மைக் செட், பம்ப் ஸ்டவ், பேசுவதற்குக் கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர். பாத்திரம் கழுவ கெங்கம்மாள். அந்த மனிதர் காலையிலிருந்து எரிபொருள் சிக்கனம், சத்துப் பாதுகாப்பு என்று பேசினார். சனம் தூர நின்று பார்த்துவிட்டு வளையல் கடைக்குப் போனது.

"இந்த ஊருக்கு இதெல்லாம் ஏறாது சார்" என்று பாயிடம் சொல்லிவிட்டு, மதியம் அவர் விழுப்புரத்துக்கு பஸ் ஏறிவிட்டார்.

பாய் முகம் செத்துப் போயிற்று. பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அவித்து விற்ற துரைக்கண்ணு வேறு சும்மா இருக்கவில்லை.

"யக்கா, அத்த மூட்ட கட்டு. தேரு பாக்க வந்த சனம் உசுரோட வூட்டுக்குப் போவணும்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கெங்கம்மாளுக்குச் சுருக்கென்றது. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்தாள்.

"அண்ணே, உங்க மல்லாட்டை வேக எம்மா நேரம் ஆவுது?"

"ஒன்ற மணி நேரம். இன்னாத்துக்கு?"

"பச்சைக் காயி ஒரு படி குடுங்க. நீங்களே அளந்து போடுங்க."

அவனே குக்கரில் கொட்டினான். அவள் தண்ணீரும் உப்பும் போட்டாள். மூடியைத் தூக்கிக் காட்டி, "இதோ இந்தக் குமிழப் பாருங்க. ஆவி மிஞ்சினா இது உருகி வழி வுட்ரும். வெடிக்காது" என்றாள். மூடியை மாட்டி வெயிட்டைப் போட்டாள். பிறகு ஒரு முக்காலியை இழுத்துக் குக்கரை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

விசில் அடித்தது. முன்வரிசை அலறிப் பின்வாங்கியது. அவள் அசையவில்லை. இரண்டாவது விசிலுக்கு நாலு பெண்கள் கிட்டே வந்தார்கள். நாலாவதுக்குக் கூட்டத்தில் தட்டியே மறைந்துபோனது.

ஆவி அடங்கியதும் திறந்து, முதல் காயைத் துரைக்கண்ணுவிடம் நீட்டினாள். அவன் உரித்து வாயில் போட்டான். எல்லோரும் அவன் தாடையையே பார்த்தார்கள்.

"வெந்துதாம்பா இருக்குது" என்றான். "உப்புதான் கொஞ்சம் கம்மி."

அன்று ஆறு குக்கர் விற்றது. ஆறாவதை வாங்கியவன் துரைக்கண்ணு.

செய்தி கிளியனூருக்கு அவளுக்கு முன்பே போய்விட்டது. கொழுந்தன் சீனுவாசன் வாசலிலேயே மறித்தான்.

"பொம்பள மைக்கப் புடிச்சிக்கினு திருவிழால கத்துறதா? வெளிய தல காட்ட முடில."

"நான் இன்னா திருடவா போனேன்? எனக்குத் தெரிஞ்சத நாலு பேருக்குச் சொன்னேன். நாளைக்கும் சொல்வேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சொன்னாள். அதற்கப்புறம் எந்த ஊர்த் திருவிழாவானாலும் பாய் கடையின் மைக் அவளிடம்தான். நான்கு வருஷம் கழித்துத் திருவெண்ணெய்நல்லூரில் கடை போட்டபோது, பழைய குக்கர்களை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கேஸ்கெட்டு மாற்றப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவன் சீனுவாசன். "எங்க அண்ணிதான், ஜல்தி பாத்துடுவாங்க" என்று யாரிடமோ சொல்வது அவள் காதில் விழுந்தது.

கம்பெனியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்து அசந்துபோய், "இந்தக் கடைக்கு யாருப்பா இன்சார்ஜ்?" என்று கேட்டார். பாய் தன் நாற்காலியிலிருந்து எழாமலே கையைக் காட்டினார்.

கெங்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "நாந்தாங்க. ஒரு நிமிஷம் நில்லுங்க, இந்தம்மாவ அனுப்பிட்டு வர்றேன்."