தமிழ் பேசாத பதினெட்டு நாட்கள்

லைப்சிக் நகரத்தில் ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிப் பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. போட்டால் உடைகிற சத்தம் கேட்கும். ஞாயிறு என்றால் இங்கே அமைதி காக்க வேண்டும். வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. காலி ஊறுகாய் பாட்டில், சாஸ் பாட்டில் என்று ஒரு பை நிறைய எடுத்துப் போய்த் தெருமுனைத் தொட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுப் பெரியவர் ஜன்னலைத் திறந்து நீளமாக ஏதோ சொன்னார். குரல் உயரவில்லை, முகம் கடுக்கவில்லை. ஏதோ நல்லது சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்து, "டாங்கெ" என்றேன். நன்றி. அவர் என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார். மீதி பாட்டில்களையும் போட்டுவிட்டுத்தான் வந்தேன். திட்டு வாங்கிக்கொண்டு நன்றி சொல்லியிருக்கிறேன் என்பது மறுநாள் ஆய்வகத்தில் ஒரு தோழி விளக்கிய பிறகே தெரிந்தது. ஆறே மாதத்தில் ஜெர்மன் கற்றவள் என்று எனக்கு இருந்த கர்வம் அன்று நன்றாக அடி வாங்கியது.

வேகமாக மொழி கற்க என்ன வழி என்று ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்கு அன்றிலிருந்து நான் சொல்லும் முதல் பாடம் இதுதான். வணக்கம், நன்றி எல்லாம் பிறகு. முதலில் "நோஃக் அயின்மால், பிட்டே" கற்றுக்கொள்ளுங்கள். இன்னொரு முறை சொல்லுங்கள் என்று அர்த்தம். புரியாதபோது தலையாட்டுவது நமக்கு மரியாதை. இங்கே அது பொய். இதை இவ்வளவு உறுதியாகச் சொல்கிற நான், என் சொந்த வீட்டில் அதே தவறைச் செய்ததைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் கணவன் செழியனுக்குக் கோடம்பாக்கத்தில் வேலை. வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழ்க் குரல் பதிகிற ஸ்டுடியோ ஒன்றில் ஒலிப்பதிவாளன். கல்யாணமாகி ஒரு வருடத்தில் நான் முதுகலை படிக்க லைப்சிக் வந்துவிட்டேன். அவன் பெசன்ட் நகர் வீட்டில் தங்கிவிட்டான். என் வகை விசாவில் துணைவர் வந்து சேர, அடிப்படை ஜெர்மன் தேர்வில் தேறியாக வேண்டும். செழியன் இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தோற்றிருந்தான். விசா அலுவலகத்தில் நாள் வாங்கி வைத்திருந்தோம். அந்த நாளுக்குச் சான்றிதழ் கையில் இல்லாவிட்டால் அடுத்த நாள் எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்றாவது தேர்வுக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது, விடுமுறையில் நான் சென்னையில் இறங்கினேன். பெட்டியில் அவனுக்கு ஒரு சட்டையும் எனக்கு ஒரு திட்டமும் இருந்தன.

திட்டம் எளிது. அடுத்த காலையிலிருந்து எங்களுக்குள் தமிழ் கிடையாது. வீட்டில் இருக்கிற எல்லாவற்றின் மேலும் மஞ்சள் சீட்டு ஒட்டினேன். கதவு, கட்டில், குக்கர், ஜன்னல். ஜன்னலில் "தாஸ் ஃபென்ஸ்டர்". யார் வாயிலிருந்து தமிழ் வருகிறதோ அவர்தான் அன்றைய பாத்திரம் முழுவதும் தேய்க்க வேண்டும். முதல் மூன்று நாளும் அவனே தேய்த்தான். நான்காம் நாள் வீடு அமைதியானது. எட்டு மாதம் கழித்துச் சேர்ந்த கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து, தேநீர் சூடாக இருக்கிறது, சாவி எங்கே, இன்று செவ்வாய்க்கிழமை என்று பேசிக்கொண்டோம். எனக்கு அதில் குறை தெரியவில்லை. முன்னேற்றம் என்றே குறித்துவைத்தேன். உண்மையில் ஒரு குறிப்பேடே வைத்திருந்தேன்.

எனக்கு வேகம் பிடிக்கும். அடையாறில் வகுப்புக்குப் போன காலத்தில் தி.நகர் பேருந்தில் நின்றபடியே வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு போவேன். "இன்னாமா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா, உக்காரு" என்று ஒரு பூக்கார அம்மா எழுந்து இடம் கொடுத்திருக்கிறாள். பாண்டி பஜார் வருவதற்குள் இருபது வாக்கியம் மனப்பாடமாகிவிடும். எனக்கு முடிந்தது ஏன் அவனுக்கு முடியவில்லை என்பதுதான் எட்டு மாதமும் என்னை அரித்த கேள்வி. மந்தமானவன் இல்லை. கவனம் இல்லை, அவ்வளவுதான் என்று முடிவு கட்டியிருந்தேன்.

ஐந்தாம் நாள் மீன் வாங்கப் போனோம். கடற்கரை ஓரம் எஸ்தர் அக்கா கடை. செழியன் மீனைக் காட்டி என்னிடம் ஜெர்மனில் ஏதோ கேட்டான்; நான் ஜெர்மனில் திருத்தினேன்; அவன் மறுபடி கேட்டான். எஸ்தர் அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"இன்னா நைனா, எனுக்குப் புரியாம வெல பேசிக்கினு கீறீங்களா?"

"ஐயோ, இல்லக்கா. பரீட்சைக்குப் படிக்கிறேன்."

"மீனுல இன்னாத்துக்குப் பரீட்ச? வஞ்சிரம் கீது, சங்கரா கீது. வாயத் தொறந்து கேளு, குடுக்கறேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "நீ வெளியூர்ல இருக்கசொல்ல போன்ல ஒன்கிட்ட எப்டி சிரிச்சிக்கினு பேசும் தெரியுமா இது? நீ வந்தப்பறம் மூஞ்சி தொங்கிப்போய் கீது. சண்டையா?"

"தமிழ் பேசிட்ட, இன்னிக்குப் பாத்திரம் நீதான்" என்று வீடு திரும்பும்போது அவனிடம் ஜெர்மனில் சொன்னேன். அவன் சரி என்றான். ஜெர்மனில்.

ஏழாம் நாள் ஆகியும் பதில் வாக்கியங்கள் அவன் வாயில் நிற்கவில்லை. சொற்களைக் காட்டினால் சொல்கிறான், கோக்கத் தெரியவில்லை. பயம் பிடித்துக்கொண்டது. அன்று மதியம் அவனுடைய ஸ்டுடியோவுக்குப் போய்க் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் குரல் கொடுக்கிற அம்மா ஒருவர் ஒலிவாங்கி முன் நின்றிருந்தார். திரையில் ஒரு ரயில் நிலையம். யாரோ ஒரு பெண் யாரையோ போகவிடாமல் தடுக்கிறாள்.

"அக்கா, அவ வாய் மூடிடிச்சு. நீங்க இன்னும் பேசிக்கினே கீறீங்க" என்றான் செழியன்.

"அவ மூடுவா நைனா. வசனம் அவ்ளோ நீட்டு எழுதிட்டான், நான் எங்க மூடறது?"

"'என்னை விட்டுப் போகாதே' வேணாம். 'இரு'ன்னு மட்டும் சொல்லுங்க. அவ உதட்டுக்கு அது போதும்."

அந்த அம்மா "இரு" என்றார். திரையில் இருந்த பெண்ணே சொன்னதுபோல் இருந்தது. செழியன் ஒரு முறை கேட்டான், அரை நொடி முன்னே நகர்த்தினான், தலையாட்டினான். உதடு அசைவதைப் பார்த்தே அதில் எத்தனை அசை தமிழ் உட்காரும் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த அறையில் அவன் இன்னொரு ஆள். அதைப் பார்த்தபோது எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வந்தது: அட, இவனுக்குக் கண்ணால் படித்தால் ஏறாது, காதால் ஏறும். வேறெதுவும் வரவில்லை என்பதை இப்போது வெட்கத்தோடு எழுதுகிறேன்.

உத்தியை மாற்றினேன். மொழி கற்கிறவர்கள் இதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இது வேலை செய்தது. சீட்டு, பட்டியல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, தேர்வில் வரக்கூடிய சிறு உரையாடல்களை ஒலியாக எடுத்தோம். ஒரு வாக்கியத்தை நிறுத்தாமல் திரும்பத் திரும்ப ஓடவிடுவது. அது பேசும்போதே கூடவே, அரை நொடி பின்னால், அதே ஏற்ற இறக்கத்தில் பேசுவது. அர்த்தம் யோசிக்கக் கூடாது. பிறகு தன் குரலைப் பதிந்து அசலோடு பக்கத்தில் வைத்துக் கேட்பது. அவன் தன் தொழிலை அப்படியே இதில் இறக்கினான். எங்கே இடறுகிறான் என்று அவனே கண்டுபிடித்தான். நான்கு நாளில் வாக்கியங்கள் முழுசாக வந்து விழுந்தன, அதுவும் லைப்சிக் டிராமில் கேட்கிற அதே உச்சரிப்பில். இத்தனை காலமாக எனக்கு வராத உச்சரிப்பு அது. குறிப்பேட்டில் பெரிதாக ஒரு டிக் போட்டேன்.

பதினாறாம் நாள் காலை ஆறு மணிக்கு எலியட்ஸ் கடற்கரையில் நடந்துகொண்டே வாய்மொழித் தேர்வுக்குப் பயிற்சி. அட்டைகளைக் கலைத்து ஒன்றை எடுக்க வேண்டும், அதில் இருக்கும் தலைப்பில் கேள்வி கேட்க வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும். எனக்கு வந்த அட்டை "வோனென்". வசிப்பது. நான் தேர்வாளர் குரலில் கேட்டேன்: எங்கே வசிக்க விரும்புகிறீர்கள்?

"இஷ் மொயிஷ்டெ ஹீர் வோனென்" என்றான். இங்கே வசிக்க விரும்புகிறேன்.

"ஸேர் கூட்" என்றேன். மிக நன்று. அடுத்த அட்டையை எடுத்தேன். நாலடி நடந்திருப்பேன். அலைக்கு இந்தப் பக்கம் யாரோ ஒருவர் நாயை அதட்டிக்கொண்டிருந்தார். கால் தானாக நின்றது.

"நோஃக் அயின்மால், பிட்டே" என்றேன்.

அவன் இன்னொரு முறை சொன்னான். மெதுவாக, தெளிவாக, தேர்வில் சொல்ல வேண்டிய விதத்தில். அதோடு நிற்கவும் இல்லை. என் வேலை இங்கே இருக்கிறது. என் மொழி இங்கே இருக்கிறது. நீ அங்கே இருக்கிறாய். இது கடினம். எல்லாம் மூன்று சொல், நான்கு சொல் வாக்கியங்கள். ஒரு பிழை இல்லை. திருத்துவதற்கு எனக்கு ஒன்றுமே மிச்சம் வைக்கவில்லை.

"தமிழ்ல சொல்லு செழியா" என்றேன். விதியை முதலில் உடைத்தது நான்தான்.

"தமிழ்ல முடியல நித்தி. எட்டு மாசமா ட்ரை பண்றேன். தமிழ்ல நான் ஒண்ணு சொன்னா நீ பத்து பதில் வெச்சிருப்ப. அங்க போய்ப் பாத்துக்கலாம், வேற வேலை கெடைக்கும், ஒரு வருஷம்தானேன்னு. ஜெர்மன்ல சொன்னா நீ தப்பு இருக்கான்னு மட்டும்தான் பாப்ப. அதுக்குள்ள நான் சொல்லி முடிச்சிடலாம்."

"அப்ப ரெண்டு தடவை ஃபெயிலானது?"

அவன் கடலைப் பார்த்தான். "மொத தடவை நெஜமாவே வரல. ரெண்டாவது தடவை எழுதற பேப்பர்ல பேரு மட்டும் எழுதினேன்."

அந்த இரண்டாவது தோல்விக்காக லைப்சிக்கில் நான் அழுதிருக்கிறேன். மூன்று வாரம் அவனுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறேன். கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத விருப்பமில்லை. தமிழ் எட்டு மாதச் சேமிப்போடு வந்தது. அவனும் கத்தினான். உன்னைக் கேட்டால் ஒரு மொழி தெரிந்தால் ஒரு ஊர் கிடைத்துவிடும், நான் அங்கே போய் யார் உதட்டைப் பார்த்து என்ன செய்வது என்றான். கத்திக்கொண்டே நாங்கள் எஸ்தர் அக்கா கடைவரை வந்துவிட்டிருந்தோம். அவள் பக்கத்துக் கடைக்காரியிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"அப்பாடா, சண்ட போடுதுங்க. இப்பத்தான் புருசன் பொண்டாட்டி மாரி கீது."

வீட்டுக்கு வந்து அவன் பாத்திரம் தேய்க்கப் போனான். நான் போய்ப் பக்கத்தில் நின்று கழுவினேன். கடைசித் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டேன்: "நாளன்னைக்கு எழுதுவியா?"

"எழுதறேன். ஃபெயிலானதால வரலன்னு இருக்கக் கூடாது. வந்தாலும் வரலன்னாலும் நான் சொல்லி இருக்கணும்."

எழுதுவான் என்று நம்பவா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. தேர்வு நடந்த கட்டிடத்துக்கு எதிரே, ஒரு ஜூஸ் கடை நிழலில் மூன்று மணி நேரம் நின்றேன். உள்ளே ஒரு வெள்ளைத் தாள் இருக்கும், அதில் ஒரு பெயர் மட்டும் இருக்கும் என்று கண்ணுக்குள் தெரிந்துகொண்டே இருந்தது. அவன் வெளியே வந்தான். ஆழ்வார்பேட்டையில் ஆட்டோ சிக்னலில் நின்றபோது பேனா மை ஒட்டியிருந்த விரலை என்னிடம் காட்டினான். அவ்வளவுதான் நான் தெரிந்துகொண்டது. இரண்டு நாளில் விமானம் ஏறிவிட்டேன்.

முடிவு வந்த நாள், சான்றிதழின் படத்தை அனுப்பியிருந்தான். தேறிவிட்டான், வாய்மொழித் தேர்வில் ஒரு மதிப்பெண்கூடக் குறையவில்லை. "ஸேர் கூட்" என்று தட்டினேன், அனுப்பாமல் அழித்தேன். அழைத்தேன். விசா அலுவலகத்தில் வாங்கி வைத்த தேதியில் போவாயா என்று ஜெர்மனில் கேட்டேன், மெதுவாக. "ஃபீலைஷ்ட்" என்றான். ஒருவேளை. என்னிடம் பத்து பதில் தயாராக இருந்தது. ஒன்றையும் சொல்லாமல், எனக்குப் பயமாக இருக்கிறது என்று மட்டும் அதே மொழியில் சொன்னேன். அவன் திருத்தவில்லை. திரையில் அவன் தலைக்குப் பின்னால் ஜன்னலும், அதில் இன்னும் எடுக்காத மஞ்சள் சீட்டும், கடல் காற்றில் அதன் ஒரு மூலை மட்டும் எழும்பி எழும்பி விழுவதும் தெரிந்தன. கனமான விஷயங்களை இப்போது இப்படித்தான் பேசிக்கொள்கிறோம், சிறு சொற்களில். மற்றதெல்லாம் தமிழில்.

நேற்று ஞாயிறு. மறந்துபோய் பாட்டில் பையோடு படி இறங்கிவிட்டேன். கீழ்வீட்டுப் பெரியவர் கதவருகே நின்றிருந்தார். ஊரிலிருந்து திரும்பிய பிறகு அவரை இப்போதுதான் பார்க்கிறேன். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லேசாகச் சிரித்தார். மூன்று வாரம் விளக்கெரியாததைக் கவனித்திருப்பார்போல. மறுபடி வீட்டுக்கு வந்துவிட்டீர்களா என்று கேட்டார்.

"நோஃக் அயின்மால், பிட்டே" என்றேன்.

அவர் பொறுமையாக, சற்று உரக்க, ஒவ்வொரு சொல்லாக இன்னொரு முறை கேட்டார். எனக்கு முதல் முறையே புரிந்திருந்தது. 'வீட்டுக்கு' என்ற ஒரு சொல்லைத்தான் இன்னொரு முறை கேட்க வேண்டியிருந்தது. பாட்டில்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் பையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, படியின் நடுவில் நின்றிருந்தேன்.