சாம்பல் நிற அட்டை

குகதாசனை என் நண்பன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. பதினேழு வருடமாக நாங்கள் ஒருவருக்கொருவர் இடைஞ்சல். ஒஸ்லோவில் தமிழர் வீட்டுக் கலியாணமோ, பெண் பிள்ளை பெரியவளான சாமத்தியவீடோ என்றால் அவன் படம் எடுப்பான், நான் வீடியோ எடுப்பேன். என் விளக்கு அவனுடைய படத்தைக் கெடுக்கும். அவனுடைய முதுகு என் வீடியோவைக் கெடுக்கும். தாலி கட்டுகிற நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் முழங்கையால் இடிபடுவதை ஊர் முழுக்கப் பார்த்திருக்கிறது. நடுவில் புகுந்து எங்களைப் பிரித்து நிறுத்துகிறவள் அவனுடைய மனைவி வசந்தமலர்.

இது சனி ஞாயிறு வேலை. மற்ற நாட்களில் அவன் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் நின்றான், நான் தபால் பிரித்தேன். எண்பத்தாறாம் ஆண்டில் இரண்டு பேரும் நோர்வேயின் வடக்கு முனையில் ஒரே மேசையில் நின்று மீன் வெட்டியவர்கள். அதனால்தான் இவ்வளவு சண்டைக்குப் பிறகும் பிரியவில்லை.

மலருக்கு எங்கள் குழுவில் ஒரு முக்கியமான வேலை இருந்தது. எங்களுடைய நிறத்து முகம், பட்டு, நகை, பின்னால் வெள்ளைச் சோடனை எல்லாம் ஒன்றாக வந்தால் கமெரா குழம்பிவிடும். சோடனை வடிவாக வரும், பெண்ணின் முகம் கரிச்சட்டி மாதிரி வரும். அதைத் தடுக்கக் குகதாசனிடம் ஒரு சாம்பல் நிற அட்டை இருந்தது. பெண் வந்து நிற்கப்போகிற இடத்தில் மலர் முன்கூட்டியே போய் நின்று, அந்த அட்டையை முகத்துக்கு நேரே பிடிப்பாள். அவன் அட்டையில் விழுகிற ஒளியை அளந்து, சரிபார்க்க ஒரு படம் எடுப்பான். ஒவ்வொரு பிலிம் சுருளிலும் முதல் படம் அதுதான். அதை யாரும் பிரதி போடுவதில்லை. அட்டை கொஞ்சம் இறங்கினால் அவன் கத்துவான், "முகத்துக்கு நேரை பிடியுமப்பா." நானும் சேர்ந்து கத்துவேன். எனக்கு அதில் ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் கத்துவேன்.

கப்பல் பயணம் மலருடைய யோசனை. அவள் துப்புரவு வேலை செய்த இடம் ஒரு பயண முகவர் அலுவலகம். 2004 கோடையில் அங்கே எறியக் கிடந்த ஒரு விளம்பரப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். வடதுருவத்துக்குக் கிட்ட இருக்கிற ஸ்வால்பார்ட் தீவுகளைச் சுற்றிப் பத்து நாள், சின்னக் கப்பல், பன்னிரண்டு பேர், எல்லாரும் படம் எடுக்கிறவர்கள். பனியாறு வந்து கடலில் உடைந்து விழுகிற இடம், வெள்ளைக் கரடி, பறவைகள். அட்டைப்படத்தில் ஒரு வால்ரஸ் இரண்டு தந்தங்களோடு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ, இவர் நிக்கிற வடிவைப் பாத்தியளே," என்று மலர் அதைக் குகதாசனுக்குக் காட்டினாள். "வாழ்க்கையிலை ஒருக்காலாவது அல்பம் கேக்காத ஆக்களைப் படம் எடுங்கோவன்."

அவன் முதலில் சிரித்தான். பிறகு யோசித்தான். பிறகு அடுத்த வருட யூலைக்கு இரண்டு கட்டில் உள்ள அறை ஒன்றைப் பதிவு செய்தான். அவர்களுக்கு அது கலியாணமாகி இருபதாவது வருடம்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலைக்குப் போகிற வழியில், புருசெத் ரயில் நிலையப் படிக்கட்டில் மலர் விழுந்தாள். மூளைக்குள் இரத்தம் கசிந்திருந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்விட்டாள். செத்தவீட்டில் வைக்கப் படம் தேடினோம். பதினேழு வருடம் ஊருக்கெல்லாம் படம் எடுத்தவன் வீட்டில் அவளுடைய நல்ல படம் ஒன்றும் இல்லை. கடைசியில் கடவுச்சீட்டுப் படத்தைப் பெருப்பித்து வைத்தோம். ட்வெய்ட்டாக் கடைத்தொகுதியில் இருக்கிற பெட்டிக்குள் இருந்து, மெசினில் எடுத்த படம். அவளைத் தெரியாதவர்கள் பார்த்தால் சரியான கோபக்காரி என்றுதான் நினைப்பார்கள்.

குகதாசன் அழவில்லை. எரிக்கும்போதும் இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கிலும் இல்லை. வந்தவர்களுக்கு "ம்" என்றான், போனவர்களுக்கும் "ம்" என்றான். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டான். ஒருநாள் தேநீரில் சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டு முழுவதையும் குடித்து முடித்தான். நான் கேட்டதற்கு, "அப்பிடியே?" என்றான்.

எங்கள் சனம் அவனைக் கலியாணங்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்தியது. செத்தவீடு நடந்த வீட்டுக்காரன் ஒரு வருடத்துக்கு நல்ல காரியத்தில் நிற்கக்கூடாது. யாரும் அப்படி வாய்விட்டுச் சொல்லவில்லை. "அண்ணை, ஆட்டத்திவசம் முடியுமட்டும் நீங்கள் ஆறுதலா இருங்கோ," என்று அன்பாகச் சொன்னார்கள். சனி ஞாயிறு வெறுமையானது. கமெராப் பெட்டி அலுமாரிக்கு மேலே ஏறியது. அதற்குப் பதிலாக அவன் குசினி மேசையில் ஸ்வால்பார்ட் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பயணத்துக்குத் திட்டம் போடத் தொடங்கினான்.

அதைத் திட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உடுப்பு மடிக்கிற மாதிரி ஒரு வேலை அது. குளிரில் பற்றரி எத்தனை மணித்தியாலம் தாங்கும், ஆட்டமுள்ள ரப்பர் படகில் எந்த லென்ஸ் பிடிக்கலாம், கமெராவை உப்புத்தண்ணீர் படாமல் எந்தப் பையில் கட்டலாம் என்று பட்டியல் எழுதினான். எழுதி முடித்ததை மறுபடி வேறு தாளில் எழுதினான். நான் சனிக்கிழமைகளில் போய் எதிரே இருப்பேன். அவனுடைய முகத்தில் ஒன்றுமே இருக்காது. கமெராவை மட்டும் தொடமாட்டான்.

பேர்கனில் தங்கி உயர்பள்ளியில் படிக்கிற அவனுடைய மகள் துஷ்யா ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு போன் எடுப்பாள். ஒவ்வொரு முறையும் இரண்டே கேள்வி.

"மாமா, அப்பா அழுதவரே?"

"இல்லைப் பிள்ளை."

"கமெராவைத் தொட்டவரே?"

"அதுவும் இல்லை."

ஒருநாள் அவள் இன்னொன்றும் சொன்னாள். "அந்தக் கப்பலிலை அம்மாவின்ரை கட்டில்லை என்னாலை படுக்கேலாது மாமா. என்னைக் கேக்கவேண்டாமெண்டு அப்பாட்டைச் சொல்லுங்கோ." அவன் அவளைக் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை என்பது எனக்கு மார்ச் மாதம்தான் தெரிந்தது.

கப்பல்காரர்கள் ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள், மாத முடிவுக்குள் திருப்பி அனுப்பவேண்டும். அவன் தேநீர் ஊற்ற எழும்பிய நேரம் நான் அதை எடுத்துப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் நிரப்பியிருந்தான். இரண்டாவது பயணி: வசந்தமலர். மாட்டிறைச்சி வேண்டாம். நீந்தத் தெரியாது. அவசரத்துக்கு அறிவிக்கவேண்டியவர்: குகதாசன், கணவர். கப்பலில் தருகிற ரப்பர் சப்பாத்தின் அளவு: முப்பத்தேழு.

எனக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது. "உனக்கென்ன விசரே? செத்த மனிசிக்குச் சப்பாத்து எடுக்கிறாய்!"

அவன் கேத்திலை வைத்துவிட்டு வந்து படிவத்தைப் பார்த்தான். "அவளின்ரை அளவு முப்பத்தேழுதானே," என்றான்.

மேசையில் ஓங்கிக் குத்தினேன், கோப்பையில் இருந்த தண்ணீர் சிந்தியது. அவன் ஈரம் படாமல் படிவத்தைத் தள்ளி வைத்தான், அவ்வளவுதான். மலர் செத்துப்போனதை அவன் கப்பல்காரர்களுக்குச் சொல்லவே இல்லை. சொன்னால் அந்தக் கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். கத்தியதை நினைக்க வெட்கமாக இருந்தது.

படிவத்தோடு பத்துப் படங்களும் கேட்டிருந்தார்கள். பயணத்தை வழிநடத்துகிற இங்கெபொர்க் என்ற பெண், ஒவ்வொருவரும் படம் எடுக்கிற விதத்தை முதலே அறிய விரும்பினாளாம். மிருகம், பறவை, மலை எதுவானாலும் சரி. குகதாசனிடம் இருந்ததெல்லாம் மனிதர்கள்தான். மாலையோடு மனிதர்கள், கேக்கோடு மனிதர்கள், ஆரத்தித் தட்டோடு மனிதர்கள். ஆள் இல்லாத படம் ஏதும் இருக்குமா என்று நெகடிவ் கோப்புகளை எல்லாம் இறக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம்.

நான்காவது கோப்பில்தான் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு சுருளின் தலைப்பிலும் மலர் நின்றாள். 1988இல் ஒல்லியாக. ஒரு சாமத்தியவீட்டில் துஷ்யாவை வயிற்றில் வைத்துக்கொண்டு. குளிர்கால மேலங்கியைக் கழற்ற நேரமில்லாமல் ஒரு மண்டபத்தில். சேலைத் தலைப்பில் ஊசிகளைக் குத்தி வைத்துக்கொண்டு. நூற்றுக்கணக்கில் மலர். ஒன்றிலும் முகம் இல்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் எல்லாம் அட்டை.

"முகத்துக்கு நேரை பிடியெண்டு நாங்கள்தானே கத்தினனாங்கள்," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

குகதாசன் ஒரு கீற்றை வெளிச்சத்தில் திருப்பினான். "சரியாப் பிடிச்சிருக்கிறாள்," என்றான். பிறகு பத்தை எண்ணி எடுத்து வைத்தான். அவற்றையே பிரதி போட்டு, அந்தப் படிவத்தோடு சேர்த்துத் தபாலில் போட ஒரு கடிதவுறைக்குள் வைத்தான். படங்கள் மட்டும் போகட்டும், படிவத்தை வைத்திரு என்று நான் கெஞ்சினேன். அதற்கும் "ம்" என்றான். படங்கள் மட்டும் போயின.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் இங்கெபொர்க் போன் எடுத்தாள். அவன் போனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு, வரைபடத்தின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தான்.

"மற்றவர்கள் பறவையும் சூரியனும் அனுப்பினார்கள்," என்றாள் அவள் நோர்வே மொழியில். "நீங்கள் முகத்தை மறைக்கிற ஒரு பெண்ணைப் பத்துத் தரம் அனுப்பியிருக்கிறீர்கள். முதலில் சிரித்தேன். பிறகுதான் அட்டையைக் கவனித்தேன். பனியில் எல்லாருக்கும் இதே பிரச்சினைதான், வெள்ளையைப் பார்த்துக் கமெரா ஏமாந்துவிடும், பனி ஊத்தையாக வரும். வருடா வருடம் நான் கத்திக் களைத்துப்போகிறேன். உங்களோடு மற்றக் கட்டிலுக்கு வருகிறவர் அவர்தானே? முதல் நாள் பனியாற்றில் இறங்கியதும் அவர் முன்னால் நின்று அட்டையைப் பிடிக்கட்டும். எல்லாரும் அவரைப் பார்த்து அளக்கலாம். செய்வார்தானே?"

"ஓம், நல்லாச் செய்வாள்," என்று குகதாசன் அவளுடைய மொழியிலேயே சொன்னான்.

நான் எழும்பிவிட்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. வரைபடத்தை மடித்த விரல் நின்றது.

"இல்லை," என்றான். "அவள் செத்துப்போனாள். ஜனவரியில்."

பிறகு அவள் மெதுவாக, வருந்துவதாகச் சொன்னாள். அந்தக் கட்டிலை என்ன செய்யட்டும் என்று இன்னும் மெதுவாகக் கேட்டாள். குகதாசன் என் காலைப் பார்த்தான்.

"உன்ரை சப்பாத்து அளவென்ன?"

"நாப்பத்திமூண்டு. ஏன்ரா?"

"நாற்பத்திமூன்று," என்று அவன் போனுக்குச் சொன்னான்.

ஒஸ்லோவின் எதிர்க்கரை நெசொட்டனுக்குப் போகிற படகிலேயே சத்தி எடுக்கிறவன் நான். அவன் படிவத்தை எடுத்தான். பெயரை ஒரே கோட்டில் வெட்டினான். மாட்டிறைச்சியை வெட்டினான், நான் எல்லாம் தின்பேன். நீந்தத் தெரியாது என்பதை அப்படியே விட்டான், அது எனக்கும் பொருந்தும். முப்பத்தேழில் பேனாவை வைத்தவன் வைத்தபடியே இருந்தான். நான் பேனாவை வாங்கி, வெட்டாமல் பக்கத்தில் நாற்பத்திமூன்று என்று எழுதினேன்.

"சரி," என்று அவன் எழும்பினான். "வெளியிலை பனி கிடக்கு. ஒருக்கால் பழகிப் பாப்பம்."

கதிரையில் ஏறி அலுமாரிக்கு மேலிருந்து கமெராப் பெட்டியை இறக்கினான். கட்டடத்துக்குப் பின்னால், பிள்ளைகள் சறுக்குகிற மேட்டில், பழைய பனி வெயிலில் கண்ணைக் கூசியது. அட்டையை என்னிடம் தந்தான். மூலைகள் தேய்ந்திருந்தன. ஓரத்தில் பெருவிரல் படுகிற இடத்தில் குங்குமம் ஊறிச் சிவந்திருந்தது. நான் அதை முகத்துக்கு நேரே பிடித்தேன். அதற்குப் பின்னால் சாம்பல் நிறத்தைத் தவிர ஒன்றுமே தெரியாது. அங்கேதான் அவள் பதினேழு வருடம் நின்றிருக்கிறாள் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கமெரா ஒருதரம் கிளிக் என்றது.

"இப்ப அட்டையை இறக்கு," என்றான் குகதாசன்.

நான் இறக்கவில்லை.

"இறக்கு ராசா. முகத்தைக் காட்டு."

மலருக்கு ஒருநாளும் சொல்லாத சொல். நான் இறக்கினேன். அவனுடைய முகம் கமெராவுக்குப் பின்னால் இருந்தது. கமெராவுக்குக் கீழே, தாடையிலிருந்து கண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தோள் இரண்டும் குலுங்கின.

"எடுக்காதையடா, மூக்கு ஒழுகுது."

"ஒழுகட்டும். இஞ்சை பார்."

படம் கட்டாயம் அசைந்துதான் வந்திருக்கும். அன்றைக்கு ஞாயிறு வரை பொறுக்காமல் நானே துஷ்யாவுக்கு போன் எடுத்தேன். அவள் கேட்க முதலே, "கமெராவைத் தொட்டவர் பிள்ளை," என்றேன். "அழுதவர்."