நாலாவது முட்டை

ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம் ஆன பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. முன்பு நான் வேலை பார்த்த இடங்களில் அடிப்பிடித்த அண்டாவைச் சுரண்டிச் சுரண்டி விரலெல்லாம் வெடித்துப் போகும். இங்கே அண்டா எப்போதும் ஊறியே என் கைக்கு வரும். இந்த இடத்து வழக்கம் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். ஒருமுறை மாஸ்டர் மூன்று நாள் லீவு போட்டார். மூன்று நாளும் அண்டா கருகிக் காய்ந்து வந்தது. காய் நறுக்குகிறவளிடம் கேட்டேன்.

"வெந்நி ஊத்தி வைக்கிறது மாஸ்டர்தானே? இத்தனை வருஷமா உனக்குத் தெரியாதா?" என்று சிரித்தாள்.

அவர் திரும்பி வந்ததும் நான் அதைப் பற்றிப் பேசவில்லை. அவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

மாஸ்டர் என்றால் எங்கள் தலைமைச் சமையல்காரர். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். ஒரே கட்டிடத்தில்தான் குடியிருந்தோம். அவரும் அண்ணியும் மூன்றாம் மாடி, நான் கீழ் வீடு. இருநூறு நோயாளிக்குச் சமைக்கிறவர் ருசி பார்த்து நான் கண்டதில்லை. அண்டாவுக்கு மேலே குனிவார், கண்ணை மூடி ஒரு மூச்சு இழுப்பார், தலையை ஆட்டுவார். அவர் தலையாட்டினால்தான் மூடி போடுவோம், வண்டி கிளம்பும். உப்புக் குறைந்தால்கூட அந்த மூக்குக்குத் தெரிந்துவிடும்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுத்துக் கிடந்து எழுந்து வந்தார். வந்ததிலிருந்து என்மேல் ஒரு புது மரியாதை. கீரைக் கட்டை என் முகத்துக்கு நேரே நீட்டி, "தங்கச்சி, வாசம் எப்படி இருக்கு?" என்பார். பாலைக் காட்டி, "நீ என்ன சொல்ற?" என்பார். அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவளிடம் இவ்வளவு பெரிய கைப்பக்குவக்காரர் யோசனை கேட்கிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது. கடவுள் மன்னிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் எனக்கும் ஓய்வு. விவசாயிகளே கொண்டுவந்து விற்கிற சந்தை ஒன்று ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் கூடும். விடிந்ததும் பையோடு போய்விடுவார். அன்று என்னையும் கூப்பிட்டார். தக்காளி, புதினா, புதுசாகக் கடைந்த வெண்ணெய், மண் ஒட்டின உருளைக்கிழங்கு, ஒரு டஜன் நாட்டு முட்டை என்று ஒவ்வொரு கடையிலும் பொருளை என் மூக்குக்கிட்டே கொண்டுவந்தார். நானும் பெரிய மனுஷி மாதிரி சரி சரி என்றேன்.

வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு அவர் பொறுப்பு. அண்ணி அடுப்பங்கரைக்குள் கால் வைக்க மாட்டார். கூடத்தில் உட்கார்ந்து வாயால் மட்டும் சமைப்பார்.

"ஏங்க, இன்னிக்குக் கிடைக்குமா, இல்ல நாளைக்கா?"

"அவசரப்பட்டா உருளைக்கிழங்கு கோவிச்சுக்கும்."

"அது கோவிச்சா பரவாயில்ல, என் வயிறு கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போயிடும் போல இருக்கு."

நான் ஸ்டூலில் உட்கார்ந்து புதினா ஆய்ந்துகொண்டிருந்தேன். வெண்ணெயில் உருளைக்கிழங்கு சின்னத் தணலில் வறுபட்டுக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக வெயில் வந்து பாத்திரத்தில் விழுந்தது. அவர் முட்டை உடைக்க ஆரம்பித்தார். அதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. ஒவ்வொன்றாகச் சின்னக் கிண்ணத்தில் உடைத்து, முகர்ந்து பார்த்து, அப்புறம்தான் பெரிய பாத்திரத்தில் சேர்ப்பார். ஒன்று, இரண்டு, மூன்று.

நாலாவதை உடைத்தார். மஞ்சள் கரு என்னவோ முழுசாகத்தான் இருந்தது. ஆனால் நாற்றம் இரண்டு கை தூரத்தில் இருந்த என்னை எழுப்பி நிறுத்திவிட்டது. அவர் கிண்ணத்தை மூக்குக்குக் கொண்டுபோனார். கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தார். தலையை ஆட்டினார். மற்ற மூன்றோடு ஊற்றினார்.

ஆஸ்பத்திரி அண்டாவுக்கு மேல் ஆடுகிற அதே தலை.

"அங்க என்ன, முட்டை உடைக்கிறீங்களா, சாக்கடையைத் தோண்டுறீங்களா?" என்று அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். பாத்திரத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "உங்களுக்கு நாறலையா?"

அவர் அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"காய்ச்சலோட போயிடுச்சு. இன்னியோட இருபத்திமூணு நாள். எதுவும் தெரியல. வெண்ணெயும் ஒண்ணுதான், சோப்பும் ஒண்ணுதான்."

"இத்தனை நாளும் அண்டாவைக் குனிஞ்சு பார்த்தீங்களே அண்ணே!" என்றேன். கேட்ட பிறகுதான் கேட்டிருக்க வேண்டாமோ என்று இருந்தது.

"குனிஞ்சேன். நாளைக்கு வந்துடும், நாளைக்கு வந்துடும்னு தலையாட்டிட்டேன். ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல. அதான் உன்னைக் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

என் தலைக்கனம் அந்த இடத்திலேயே உதிர்ந்தது. நான் வராத நாள், நான் கழுவுமிடத்தில் இருந்த நேரம், எனக்கே சளி பிடித்திருந்த நாள் என்று மனசு ஓடியது. அவர் மனசு எனக்கு முன்னாலேயே ஓடியிருந்தது.

"போன வாரம் பெண்கள் வார்டுல அஞ்சு பேருக்கு வாந்தி. ஞாபகம் இருக்கா?"

"அது ஆஸ்பத்திரிங்க. அங்க வாந்தி எடுக்காம வேற என்ன எடுப்பாங்க?" என்றார் அண்ணி. போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. ஓய்வுக்கு இன்னும் ரெண்டே வருஷம். தங்கச்சி பக்கத்துல நின்னு பார்த்துச் சொல்லட்டும். நிப்பதானே?"

"நிக்கிறேன் அண்ணி," என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

"இவளுக்குச் சளி பிடிச்சா?" என்றார் அவர்.

அவர் பாத்திரத்தைக் கொட்டிக் கழுவி, மிச்ச முட்டைகளை எடுத்தார். ஒவ்வொன்றையும் உடைத்து என்னிடம் நீட்டினார். நான் தலையாட்டினேன். அவ்வளவு பயந்து நான் எதற்கும் தலையாட்டியதில்லை. ரொட்டியும் முட்டையும் உருளைக்கிழங்கும் தட்டுக்கு வந்தபோது மணி பத்தரை. புதினா தூவி அழகாகத்தான் வைத்திருந்தார். அண்ணி ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டார். நான் சாப்பாட்டுக்கு முன் சொல்கிற ஜெபத்தைப் பாதியில் மறந்து, முதலிலிருந்து இரண்டு தரம் சொன்னேன். அவர் மட்டும் கடைசி வாய் வரை மென்று சாப்பிட்டார், மருந்து சாப்பிடுகிற மாதிரி.

மறுநாள் காலை அடுப்பு பற்றவைக்கும் முன்பே நிர்வாகியம்மாவின் அறைக்குப் போனார். கதவு சாத்தியிருந்த நேரம் முழுக்க நான் வெளியே கழுவின தட்டையே கழுவிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா திட்டவில்லையாம். அவரைக் காய்கறிக் கிடங்குக்கு மாற்றினார்கள். வாந்தி எடுத்தவர்கள் குணமாகி வீட்டுக்குப் போயிருந்தார்கள். அது சாப்பாட்டால் வந்ததா, நோயால் வந்ததா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்தக் கேள்விதான் அவரை விடவில்லை. மதியம் நான் அந்தப் பக்கம் போனால் கிடங்கு வாசலுக்கு வந்து, "இன்னிக்கு வார்டுல யாருக்காவது?" என்பார். "எல்லாரும் நல்லா இருக்காங்க அண்ணே" என்பேன். மறுநாளும் கேட்பார்.

ஒரு மாதத்தில் அந்த வேலையையும் விட்டார். "அழுகினது எதுன்னு அங்கயும் மூக்குதானே சொல்லணும்?" என்றார். மகன் இருக்கிற ஊருக்கே போய்விடுவது என்று முடிவானது. நான் ராத்திரி ஜெபத்தில் அவர் மூக்குக்காக வேண்டிக்கொண்டேன். மூக்குக்காகவெல்லாம் வேண்டலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் வேண்டினேன்.

பஸ் ஏற்றிவிடப் போயிருந்தேன். அண்ணி முதலில் ஏறி, பெட்டியை வைக்க இடம் பிடிப்பதில் நடத்துநரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டர் படியில் ஒரு கால் வைத்து நின்றார். ரொம்ப இளைத்திருந்தார். உடம்பு எப்படி இருக்கிறது, ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்டேன்.

"இப்பல்லாம் படுத்ததும் தூங்கிடுறேன் தங்கச்சி," என்றார். "பசிதான் எடுக்க மாட்டேங்குது."