முகவரியின் இரண்டாவது வரி

அலுவலகத்தில் அவளுக்கு ஹலோ அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் சும்மா கிடக்கிறது, அதைக் கூப்பிட ஆளில்லை. வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் கம்பெனி அது. கீழே உதிரிபாகக் கிடங்கு, மேலே நீளமாக ஓர் அறை, அதன் ஜன்னலோரம் அவளுடைய மேசையும் போனும். காலையில் உட்கார்ந்தால் தண்ணி எடுக்கலை, தண்ணி விடலை, சுத்தலை, சுத்தினா நிக்கலை என்று ஊரே வந்து அவள் காதில் கொட்டும். கொட்டட்டும், அதற்குத்தானே சம்பளம். வீட்டுக்குப் போனால் வாயைத் திறக்கமாட்டாள். "உன் குரலைக் கேக்கணும்னா நானும் ஒரு மெஷின் வாங்கணும் போல" என்பார் வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் கணவர்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. கூப்பிட்டவர் எப்படிப்பட்ட ஆள் என்று எழுதி வைக்காவிட்டால் தலை வெடித்துவிடும். பழைய கம்ப்யூட்டரில் குறிப்பு எழுதக் கொடுத்திருந்த கட்டம் தீப்பெட்டி அளவு. நாலு வார்த்தைக்கு மேல் ஏற்காது. நம் அக்காவுக்கு நாலு வார்த்தை எந்த மூலைக்கு? முகவரிக்கு மட்டும் தாராளமாக இரண்டு வரி இருந்தது, இரண்டாவது வரி எல்லோருக்கும் காலி. அங்கே போய்க் குடியேறிவிட்டாள். மெக்கானிக்குகளுக்கும் அது வசதியாகப் போயிற்று. கிளம்பும்முன் முதல் வரியில் வீட்டைப் பார்ப்பார்கள், இரண்டாவது வரியில் ஆளைப் பார்ப்பார்கள். 'நாய் கடிக்காது, ஐயா கடிப்பார்.' 'கஞ்ச மகாபிரபு, ஆனால் தங்கமான மனுஷன்.' 'சட்டைப்பையில் ஆணி இருக்கும், கேட்டால் மெஷின் மேல் பழி போடுவார்.'

அவர்களில் ஒருத்தி மூன்றாம் மாடி அம்மா. அந்த அம்மாவின் மெஷின் சுற்ற ஆரம்பித்தால் குதித்துக் குதித்து நடந்துபோய்ச் சமையலறை வாசலை மறித்துக்கொண்டு நிற்கும். அதைச் சொல்லத்தான் கூப்பிடுவாள். ஆனால் மாடிப்படி, மூட்டுவலி, கீழ்வீட்டுக்காரி என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் பேச்சு மெஷினுக்கு வந்து சேரும். அவளைப் பற்றி அக்கா எழுதியது இது: 'வாயைத் திறந்தால் மூடாது. போனை மேசைமேல் வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம்.' எழுதியதோடு நிற்காமல் அப்படியே செய்தும் வந்தாள், அதையும் சொல்லிவிடுவோம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது முதலாளிக்குப் புது சாஃப்ட்வேர் ஆசை வந்தது. வாடிக்கையாளர் விவரம் மொத்தமும் அதில் ஏறுமாம், சி.ஆர்.எம். என்று பெயராம். அதை ஏற்றித்தர வந்த சாஃப்ட்வேர்ப் பெண், பழைய கட்டங்களையும் புதிய கட்டங்களையும் திரையில் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு எது எங்கே போகவேண்டும் என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"அக்கா, அட்ரஸ்ல ரெண்டாவது வரி. வேணுமா, விட்டுடலாமா?"

"அதுதாம்மா முக்கியம். உயிரே அதுலதான் இருக்கு. ஒரு எழுத்து விடாம கொண்டுபோயிடு."

"அப்போ அட்ரஸோடயே சேத்துடறேன்."

"சேத்துடு கண்ணு."

வேறு யாரும் சூனியம் வைக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் மகன் கடையிலிருந்து நேரே அடுப்படிக்கு வந்து நின்றான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறான். பிறந்ததிலிருந்து எதற்கும் அடம்பிடித்ததில்லை.

"அம்மா, அந்தப் பொண்ணு பத்திச் சொன்னேன்ல. அவங்க அம்மா ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு வர்றாங்க. உங்ககிட்ட பேசிட்டுத்தான் முடிவு சொல்வாங்களாம்."

"வரட்டுமே. வீடு எங்க?"

"பார்க்குக்குப் பின்னாடி, மூணாவது மாடி. அப்பா இல்ல, அம்மாவும் பொண்ணும்தான். அவங்க மெஷினைக்கூட உங்க கம்பெனிதான் பாக்குது. சுத்தினா நடக்குமாம்மா." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

டீ குடித்துவிட்டு வரலாம் என்று தான் எழுதிய வரி அக்காவின் கண்முன் வந்து நின்றது. ஆனாலும் கம்பெனிக்குள் இருக்கிற வரியை வெளியாள் எங்கே பார்க்கப்போகிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். காலையில் முதல் வேலையாக அழித்துவிட்டால் தீர்ந்தது. மகனின் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததே இல்லை. இந்தக் கல்யாணம் நடந்தே ஆகவேண்டும்.

காலையில் அவள் படியேறும்போதே சாஃப்ட்வேர்ப் பெண் சிரித்த முகமாக எதிரே வந்தாள்.

"அக்கா, எல்லாருக்கும் மெசேஜ் போயிடுச்சு. முகவரி சரியா, 'ஆம்' இல்லன்னா 'இல்லை'ன்னு பதில் போடுங்கன்னு. பதில்கூட வர ஆரம்பிச்சிருச்சு."

"முகவரின்னா, ஒரு வரியா, ரெண்டு வரியாம்மா?"

"முழுசாதான். நீங்கதானே ஒரு எழுத்து விடக்கூடாதுன்னீங்க."

அக்கா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். திரையில் பதில்கள் வந்து விழுந்துகொண்டிருந்தன. கடிக்கிற ஐயா எழுதியிருந்தார்: 'இல்லை. வீட்டு எண் மாறிவிட்டது. மற்றதெல்லாம் சரி.' கஞ்ச மகாபிரபு: 'ஆம். தங்கமான மனுஷன் என்பதை முதலில் போடவும்.' ஆணிக்காரர் மட்டும் முதலாளியையே கூப்பிட்டுக் கிழிகிழியென்று கிழித்தார். அந்த வேகத்தில் அக்காவிடம் கத்த வந்த முதலாளி, திரையைப் பார்த்தவர் அப்படியே நின்று படிக்க ஆரம்பித்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "என்னைப் பத்தி எங்கயாவது எழுதியிருக்கியாம்மா?" என்று ரகசியமாகக் கேட்டுவிட்டுப் போனார்.

வேலைக்கு ஆபத்தில்லை. ஆனால் அவள் காத்திருந்தது ஒரே ஒரு பதிலுக்கு, அது மட்டும் வரவில்லை. பையன் வாழ்க்கையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. எதிரே யாரோ கொண்டுவந்து வைத்த டீ ஆவி பறந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரிந்த நம்பர்தான்.

"ஹலோ."

"நான்தாம்மா, மூணாவது மாடி. மெசேஜ் வந்துச்சு." அந்த அம்மா மேலே பேசுமுன் அக்கா முந்திக்கொண்டாள்.

"அதை எழுதினது நான்தாங்க. தப்புதான். என்னை என்ன வேணா சொல்லுங்க. என் பையனை மட்டும் வேண்டாம்னு சொல்லிடாதீங்க."

"நீங்கதான் அவன் அம்மான்னு பொண்ணு போன வாரமே சொல்லிட்டா. அதனாலதான் வர்றேன்னே சொன்னேன்." மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "நீங்க டீ குடிக்கப் போறது எனக்குத் தெரியும்மா. ஸ்பூன் சத்தம் கேக்கும். அப்புறம் வந்து, 'ம், சொல்லுங்க'ம்பீங்க. அவர் போனதுக்கப்புறம் நான் யாரைக் கூப்பிட்டாலும் ரெண்டு வார்த்தையில வெச்சிடறாங்க, கூடப்பிறந்தவங்க உட்பட. நீங்க கீழ வெச்சாலும் கட் பண்ணதில்ல. மெஷின் நடந்தா நடந்துட்டுப் போகுது. உங்ககிட்ட பேசலாமேன்னுதான் கூப்பிடுவேன்."

அக்காவுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அந்த அம்மாவே தொடர்ந்தாள்.

"முகவரி சரியான்னு கேட்டிருக்கீங்க. சரிதான், ஆம்னு போட்டுடறேன். ஞாயித்துக்கிழமை டீ மட்டும் போதும். ஆனா என் எதிர்ல உக்காந்து குடிக்கணும், சம்பந்தி."

"சரிங்க சம்பந்தி" என்றாள் அக்கா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ம், சொல்லுங்க. மூட்டுவலி எப்படி இருக்கு?"

அந்த அம்மா சொல்ல ஆரம்பித்தாள். மாடிப்படி வந்தது, கீழ்வீட்டுக்காரி வந்தாள். மேசைமேல் டீ ஆறி ஆடை கட்டியது. அக்கா அதைத் தொடவே இல்லை.